கலவைக்கு மிஷின் எதற்கு, பெயிண்ட் டப்பா போதும்

கேள்வி: எங்கள் வீட்டுக் காம்பவுண்டு சுவரின் அடிப்பூச்சு உதிர்கிறது. நீளம் 20 அடி, தரையிலிருந்து 2 அடி உயரம் வரைக்கும். பின்கட்டில் துவைக்கிற கல்லைச் சுற்றியும் கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் ஆள் வைத்துப் பூசியதுதான். காலையில் ரோட்டோரத்திலேயே மொத்தமாகக் கலவை போட்டு, அதையே சாயங்காலம் வரை பூசினார்கள். இப்போது கையால் தேய்த்தாலே மணலாகக் கொட்டுகிறது. இவ்வளவு சின்ன வேலைக்குக் கொத்தனார் யாரும் வர மாட்டேன் என்கிறார்கள். நானே செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன். வீட்டில் ஒரு தோட்டத்து மண்வெட்டி இருக்கிறது, ஒரு கொத்துக் கரண்டி இருக்கிறது. டிரில்லில் மாட்டிக் கலக்குகிற தண்டு ஒன்றை மகன் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தான். அதைப் போட்டுக் கலக்கினால் டிரில் சூடாகிப் புகை வாசனை வருகிறது. சரியென்று கையால் பிசைந்தேன், விரல் நுனியெல்லாம் புண். கலவை போட என்னென்ன கருவி வாங்க வேண்டும்? எனக்கு வயது 59.
- ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

அன்புள்ள அம்மா,

நீங்கள் கேட்டது கருவியைப் பற்றி. ஆனால் நான் விரலில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஈரச் சிமெண்ட் கடுமையான காரம். சுண்ணாம்பு கொஞ்சம் கூடிப்போனால் வாய் வெந்துபோகும் என்று வெற்றிலை போடுகிறவர்களுக்குத் தெரியும். சிமெண்டுக்கும் அதே குணம்தான், ஆனால் அது உடனே எரியாது. வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது, இரவு படுத்த பிறகு காந்தும். அதற்குள் தோல் வெந்திருக்கும். புண் ஆறும்வரை கலவையைத் தொட வேண்டாம். புண் ஆழமாக இருந்தாலோ நீர் கோத்துக்கொண்டாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மறுபடி இறங்கும்போது முழங்கை வரை வருகிற ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். துணிக் கையுறை இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல். அது சிமெண்ட் நீரை உறிஞ்சி, தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். கொத்து வேலைக்குப் போகிற பெண்கள் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இறங்குவார்கள். கொஞ்சம் உதவும், ஆனால் கையுறைக்கு ஈடாகாது. இடையிடையே நல்ல தண்ணீரில் கை கழுவ, பக்கத்தில் ஒரு வாளி தனியாக இருக்கட்டும். கலவைக்கு ஊற்றுகிற வாளியிலேயே கையை விடாதீர்கள். கண்ணில் தெறித்தால் கசக்காமல், கால் மணி நேரமாவது தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

இப்போது அந்த டிரில். அதை எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள். வீட்டில் வைத்திருக்கிற டிரில் சுவரில் துளை போடச் செய்தது. நிமிஷத்துக்கு 2,500, 3,000 சுற்று சுற்றும். வேகம் உண்டு, இழுவை கிடையாது. மணல் கலவையில் அதை இறக்குவது, ஸ்கூட்டரில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு மலையேறுவதைப் போல. மோட்டாரின் காயில் கருகும். கலவை கலக்குவதற்கென்றே இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரி மிஷின் தனியாக வருகிறது. 1,000 வாட்டுக்கு மேல் சக்தி, சுற்று சில நூறுதான். டைல்ஸ் ஒட்டுகிறவர்களும் ஜிப்சம் பூசுகிறவர்களும் அதைத்தான் வைத்திருப்பார்கள். 40 சதுர அடி பூசுவதற்கு அதை வாங்குவது வீண் செலவு.

மகன் வாங்கிக் கொடுத்த தண்டு வீணில்லை. பட்டி, ஜிப்சம் மாதிரி மணலில்லாத பொடிக் கலவைக்கு அது ஆகும், சுற்றைக் குறைக்கிற வசதி உங்கள் டிரில்லில் இருந்தால். வேகமாகச் சுற்றினால் காற்றுக் குமிழி ஏறி, பூச்சில் ஊசித்துளை விழும். அந்தப் பொடிகளுக்குத் தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டு அதில் பொடியைத் தூவ வேண்டும். மணல் கலவைக்கு நேர்மாறு. ஜிப்சம் கலக்கினால் தண்டையும் வாளியையும் உடனே கழுவிவிட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய ஜிப்சத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு புதுக் கலவை பாதி நேரத்தில் இறுகிவிடும். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். 'இந்த மூட்டை சரியில்லை, கரண்டிக்கு வருவதற்குள் கல்லாகிறது' என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும். வாளியைத் தேய்த்துக் கழுவியதும் மூட்டை சரியாகிவிட்டது.

சரி, சுவருக்கு வருவோம். அது ஏன் உதிர்கிறது என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 'ரோட்டோரத்தில்', 'காலையில் போட்டு சாயங்காலம் வரை' என்று நீங்கள் எழுதியிருக்கிற இரண்டும்தான் காரணம். வெறும் தரையில் கலந்தால் சிமெண்ட் பாலைத் தரை குடித்துவிடும், தரையின் மண்ணை மண்வெட்டி சுரண்டிக் கலவையில் சேர்த்துவிடும். அந்தக் களிமண் மணலின்மேல் படிந்துகொண்டால் சிமெண்ட் மணலைப் பிடிக்காது. அடுத்து நேரம். தண்ணீர் பட்டதுமே சிமெண்ட் இறுகத் தொடங்கிவிடும். கொத்து வேலைக் கலவைக்கான இந்தியத் தர விதி, 1981இல் வந்த ஐ.எஸ். 2250, தண்ணீர் சேர்த்த 2 மணி நேரத்துக்குள் கலவையைப் பயன்படுத்திவிட வேண்டும் என்கிறது. நம் ஊர் சித்திரை வெயிலில் நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. மதியம் இறுகிப்போன கலவையில் இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றிக் கிளறினால் மறுபடி வெண்ணெய் மாதிரி ஆகிவிடும், அதுதான் ஏமாற்று. சிமெண்ட் பிடிக்கத் தொடங்கிய பிடியை அறுத்துவிட்டு, ஈர மணலைச் சுவரில் அப்புகிறோம். காய்ந்ததும் நிற்கும், வெள்ளையடித்தால் அழகாக இருக்கும். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ போனால் நீங்கள் சொல்கிற மாதிரி கையோடு வரும்.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு பள்ளிக்கூட வராந்தாவின் பூச்சு என் மேற்பார்வையில் நடந்தது. சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பியபோது, நிமிர்ந்தாள் (கொத்தனாருக்குத் துணையாக நிற்கிற ஆண் கூலியாள்) ஒருவர் இறுகிய கலவையில் தண்ணீர் ஊற்றி மிதித்துக்கொண்டிருந்தார். பார்த்தேன். அரை மூட்டைக் கலவையைக் கொட்டச் சொல்ல வாய் வரவில்லை, எனக்கு அப்போது 22 வயது, அவருக்கு என் அப்பா வயது. அடுத்த கோடையில் அந்த வராந்தாவில் ஒரு பாய் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. நல்ல வேளை, விடுமுறை நாள்.

ஒரு விஷயம் மட்டும் பார்த்துவிடுங்கள். பூச்சு பெயர்ந்த இடத்தில் செங்கல்மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? பூத்திருந்தால் தரை ஈரம் சுவரில் ஏறுகிறது என்று அர்த்தம். அதற்குக் கலவையும் கருவியும் மட்டும் மருந்தாகாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, செடிக்கு விடுகிற குழாய்த் தண்ணீர் சுவரடியில் நிற்கிறதா என்று பார்த்து முதலில் அதைத் திருப்பிவிட வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட கருவிகள். நான் முதலில் சொல்லப்போகிறதைக் கடையில் கேட்டால் சிரிப்பார்கள். 4 லிட்டர் பெயிண்ட் டப்பா ஒன்று, காலி. மூடி வேண்டாம், வாய் நசுங்காமல் இருந்தால் போதும். அதுதான் உங்கள் அளவு.

பெரிய வேலைகளில் இதற்குப் 'பெட்டி' என்று ஒன்று இருக்கும். உள்ளளவு 40 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 25 உயரம். பெருக்கினால் 35 லிட்டர். 50 கிலோ சிமெண்ட் மூட்டையின் கன அளவும் கிட்டத்தட்ட அதேதான். அதனால் ஒரு மூட்டைக்கு நாலு பெட்டி மணல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 1:4. ஆனால் சின்ன வேலைகளில் பெட்டியைக் கண்ணால் பார்க்க முடியாது, சட்டிக் கணக்குதான். 'நாலு சட்டி மணல், ஒரு சட்டி சிமெண்ட்' என்பார்கள். மணல் சட்டியில் குவியும், சிமெண்ட் சட்டியில் தலைதட்டாகக்கூட நிற்காது, தூக்குகிறவர் சட்டைமேல் கொட்டாமல் இருக்க முக்கால் சட்டியோடு நிறுத்திவிடுவார். நாலுக்கு ஒன்று என்று சொன்னது, கொட்டும்போது ஆறுக்கு ஒன்றாகவோ ஏழுக்கு ஒன்றாகவோ இருக்கும். யாரும் திருடவில்லை, சட்டியின் வடிவம் அப்படி. ஓரம் நேராக நிற்கிற டப்பாவில் இந்தப் பிரச்சினை இல்லை. நிரப்பி, ஒரு சட்டத்தால் வாயை வழித்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு.

உங்கள் சுவருக்கு ஒரு டப்பா சிமெண்ட், நாலு டப்பா மணல். இது ஒரு கலவை. முக்கால் அங்குலத்துக்குள் பூசினால், சேதாரம் போக எட்டு ஒன்பது சதுர அடி வரும். ஆக, முழுச் சுவருக்கும் நாலைந்து கலவை. அரை மூட்டைச் சிமெண்ட், 70 லிட்டர் மணல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு கலவை போட்டு, அதைத் தீர்த்துவிட்டு அடுத்தது. 59 வயதில் இடுப்புக்கும் அது நல்லது.

மணல், பூச்சுக்கென்று விற்கிற பி சாண்டாக இருக்கட்டும். எம் சாண்ட் கட்டு வேலைக்கும் கான்கிரீட்டுக்கும். அதைச் சுவரில் இழுத்தால் குருணை குருணையாகக் கோடு விழும். மணல் ஈரமாக இருந்தால் ஒரு கணக்கு உண்டு. ஈர மணல் உப்பும். தண்ணீர் ஒவ்வொரு மணியையும் விலக்கி நிறுத்துவதால், டப்பா நிறைந்த மாதிரி தெரியும், உள்ளே மணல் குறைவாக இருக்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் ஈர மணலை அழுத்தாமல் நிரப்பி, அது மூழ்க மூழ்கத் தண்ணீர் ஊற்றிக் குச்சியால் கிளறுங்கள். மணல் படிந்து இறங்கும். 10 சென்டிமீட்டர் இருந்தது 8க்கு வந்தால் கால் பங்கு உப்பியிருந்தது என்று கணக்கு. அப்போது நாலு டப்பாவோடு இன்னொன்று சேர்த்துப் போடலாம். மழைக்காலத்தில் போடுகிற கலவை கோடைக் கலவையைவிடக் கெட்டியாகப் பிடிக்கும் என்று சில பெரியவர்கள் சொல்வதன் ரகசியம் இதுதான். மணல் குறைந்து சிமெண்ட் கூடியிருக்கும்.

இரண்டாவது, கலக்குகிற தளம். கூரைத் தளம் போட வாடகைக்கு விடுகிற சென்ட்ரிங் கடை உங்கள் ஊரில் நிச்சயம் இருக்கும். மூன்றடிக்கு இரண்டடியில் இரும்புத் தகடு அடுக்கி வைத்திருப்பார்கள். ஓரம் வளைந்து கழித்துப் போட்ட தகடு இரண்டைக் கேளுங்கள். பழைய இரும்பு விலைக்குக் கிடைக்கும். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒரு கலவைக்குத் தாராளம். அது கிடைக்காவிட்டால் வழவழப்பான சிமெண்டுத் தரையைக் கழுவிவிட்டு அதன்மேல் கலக்கலாம். முடிந்ததும் உடனே தேய்த்துக் கழுவாவிட்டால் தரை பாழ். தார்ப்பாய் விரிக்காதீர்கள். இரண்டாவது புரட்டலில் மண்வெட்டி அதைக் கிழித்துவிடும். அப்புறம் பிளாஸ்டிக் துண்டெல்லாம் கலவைக்குள்.

மூன்றாவது மண்வெட்டி. தோட்டத்து மண்வெட்டியே போதும் என்று சொல்லிவிடலாம், ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். வெட்டு வேலை செய்கிற மண்வெட்டியில் இலை உள்பக்கமாக நன்றாக மடங்கி இருக்கும், மண்ணைக் கொத்தி இழுக்க அது வேண்டும். கலவைக்கு இலை கொஞ்சம் விரிந்திருந்தால் சுகம், தகட்டோடு படிந்து வழிக்கும். இன்னொன்று, தேய்ந்து வாய் மழுங்கிய மண்வெட்டிதான் கலவைக்குச் சிறந்தது. புதுசு வாங்காதீர்கள். என் அப்பா கொத்தனார், அவரிடம் வாய் பாதி தேய்ந்து அரைவட்டமாகிப்போன மண்வெட்டி ஒன்று இருந்தது. அதை யாராவது தோட்டத்துக்கு எடுத்தால் அவருக்குக் கோபம் வரும். அமெரிக்காவில் கலவைக்கென்றே நீண்ட காம்பில், இலையில் இரண்டு பெரிய துளை போட்ட மண்வெட்டி விற்கிறார்கள். இழுக்கும்போது கலவை துளை வழியே புகுந்து வரும், பாரம் குறையும், நன்றாகவும் கலக்கும். நல்ல யோசனைதான். நம் பக்கத்துக் கடைகளில் நான் பார்த்ததில்லை. குனிய முடியாவிட்டால் நீளக் காம்பு சவல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். புரட்டுவதற்குச் சவல், குழைப்பதற்கு மண்வெட்டி என்று மாற்றி மாற்றிச் செய்யலாம்.

இப்போது கலக்குகிற விதம். இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். மணலைத் தகட்டின் ஒரு பக்கத்தில் பரப்பி, அதன்மேல் சிமெண்டைப் போர்வை மாதிரித் தூவுங்கள். தண்ணீர் பக்கமே போகாதீர்கள். குவியலின் அடியிலிருந்து அள்ளி, தகட்டின் மறுபக்கத்தில், கூம்பாக, உச்சியில் விழுகிற மாதிரிப் போடுங்கள். உச்சியில் விழுந்தால்தான் நாலு பக்கமும் சரிந்து கலக்கும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடம்தான் மாறும். முழுக் குவியலும் அந்தப் பக்கம் போனதும், மறுபடி இந்தப் பக்கம். இப்படி மூன்று தடவை. அப்புறம் கையுறைக் கையால் குவியலை ஒரு வழி வழித்துப் பாருங்கள். சாம்பல் நிறக் கோடோ மணல் நிறக் கோடோ தெரிந்தால் இன்னொரு புரட்டல். ஒரே நிறமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து நடுவில் குழி பறித்து, சப்பாத்தி மாவில் குழி பறிக்கிற மாதிரி சுற்றிலும் வரப்பு நிறுத்துங்கள். 3 லிட்டர் தண்ணீரை அளந்து குழியில் ஊற்றுங்கள். ஊற்றிவிட்டு ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்கள். வரப்பின் உள்பக்கத்து மணல் தானாகத் தண்ணீரைக் குடித்துக் கறுக்கும். பிறகு மண்வெட்டியால் உள்விளிம்பை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிக்குள் தள்ளுங்கள். வெளிவரப்பு உடைந்தால் சிமெண்ட் பால் ஓடிவிடும், உடைகிற இடத்தில் உலர்ந்த கலவையை அள்ளிப் போட்டு அடையுங்கள். எல்லாம் நனைந்த பிறகு, மண்வெட்டியின் வாயால் கலவையைக் கொத்தி, முதுகால் அழுத்தி, உங்களை நோக்கி இழுக்க வேண்டும். கொத்து, அழுத்து, இழு. இந்தக் கொத்தலில்தான் உருண்டை உடையும். சத்தத்திலேயே தெரியும். முதலில் 'சரக் சரக்' என்று உலர்ந்த சத்தம் வரும், பதம் வரும்போது 'சதக்' என்று ஒரு கனமான சத்தமாக மாறும். 'சளக் சளக்' என்று கேட்டால் தண்ணீர் கூடிவிட்டது.

தண்ணீர் குறைந்தால் அரை லிட்டர், அரை லிட்டராகச் சேருங்கள். ஒரு கலவைக்கு மொத்தம் மூன்றரை, நாலு லிட்டருக்குள் அடங்கும், மணலின் ஈரத்தைப் பொறுத்து. சிரமமாக இருக்கிறது என்று குடத்தைச் சாய்க்கிற அந்த ஒரு நொடியில்தான் பூச்சின் ஆயுள் போகிறது. தண்ணீர் கூடினால் மண்வெட்டிக்கு இலகு, கரண்டிக்கு இலகு, சுவருக்குக் கேடு. மிச்சத் தண்ணீர் ஆவியாகிப் போன இடத்தில் நுண்துளையும் வெடிப்பும் நிற்கும்.

பதம் பார்க்கக் கரண்டி. சில ஊர்களில் கரணை என்பார்கள். கலவையைக் கரண்டியால் கத்தி மாதிரி வெட்டுங்கள். வெட்டிய முகம் நிற்க வேண்டும், அதிலிருந்து தண்ணீர் கசியக் கூடாது. ஒரு கரண்டி அள்ளி, மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டிப் படிய வைத்து, மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உடனே வழுக்கி விழுந்தால் தண்ணீர் அதிகம். ஒட்டிக்கொண்டு நின்று, தட்டினால் மொத்தமாக விட்டு வந்தால் அதுதான் பதம். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், 2,000 ஆண்டுகளுக்கு முன்பே, நீற்றிய சுண்ணாம்பை இரும்பு வாயால் கொத்திப் பார்க்கச் சொல்கிறார். இரும்பு சுத்தமாக உலர்ந்து வந்தால் சுண்ணாம்பில் சத்தில்லை, பசை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தால் பதமாகியிருக்கிறது என்று. என் அப்பாவுக்கு விட்ருவியஸ் யாரென்றே தெரியாது, ஆனால் அவரும் இதைத்தான் சொல்வார்.

சுண்ணாம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. நீங்கள் செட்டிநாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். அங்கே பழைய வீட்டுச் சுவர்களைத் தடவிப் பார்த்திருப்பீர்கள், கண்ணாடி மாதிரி இருக்கும். அந்தச் சுண்ணாம்புக் காரையை மண்வெட்டியில் புரட்டி உண்டாக்கவில்லை. வட்டமாகப் பள்ளம் வெட்டிக் கல் பாவி, அதில் கனமான கல் சக்கரத்தை மாடு கட்டி இழுக்க விட்டு, சுண்ணாம்பையும் மணலையும் செக்கில் ஆட்டுகிற மாதிரி அரைப்பார்கள். கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் சேரும். கடைசிப் பூச்சுக்கான சாந்தை அம்மியில் வெண்ணெயாக அரைப்பார்கள். அரைக்க அரைக்கத்தான் அதற்கு மதிப்பு. சிமெண்ட் அப்படியில்லை, அதற்கு வேகம் வேண்டும். உங்கள் வீடே அப்படிச் சுண்ணாம்புக் காரை போட்ட பழைய வீடாக இருந்தால், தயவுசெய்து அந்தச் சுவர்களில் இந்தச் சிமெண்ட் கலவையைப் பூசிவிடாதீர்கள். சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும், பின்னால் இருக்கிற காரை இளகிப் போகும். காம்பவுண்டு சுவர் செங்கல்லும் சிமெண்டும் என்றால் கவலை இல்லை.

மற்ற சாமான்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலவையை எடுத்துப் போக ஒரு சட்டி. இரும்புச் சட்டி கனம், உங்களுக்குப் பிளாஸ்டிக் சட்டியே போதும். அதை நிரப்பாமல் பாதி பாதியாக எடுங்கள். பூசியதைச் சமமாக இழுக்க மூன்றடி அலுமினிய மட்டப்பலகை ஒன்று. தேய்த்து விடுவதற்கு மணியாசு கட்டை, மரத்தில். வழவழப்பாக வேண்டும் என்று இரும்புக் கரண்டியாலேயே மெழுகிக்கொண்டிருந்தால் சிமெண்டெல்லாம் மேலே வந்து, வெயிலில் வலை வலையாக வெடிக்கும். வெளிச்சுவருக்கு மரக்கட்டை தேய்த்த சொரசொரப்பே நல்லது. மணலில் கல் இருந்தால் ஒரு சல்லடை. ரசமட்டமும் தூக்குக்குண்டும் இரண்டடி உயரப் பூச்சுக்குத் தேவையில்லை, மேலே நிற்கிற பழைய பூச்சே உங்களுக்கு மட்டம். கரண்டி மட்டும் நல்லதாக வாங்குங்கள். இலையும் கழுத்தும் ஒரே இரும்பில் அடித்ததா என்று பாருங்கள், ஒட்டு வைத்தது பத்தாவது நாளில் ஆடும். எட்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பெரிய கரண்டி வேலையைச் சீக்கிரம் முடிக்காது, மணிக்கட்டைத்தான் முடிக்கும்.

இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. என் அம்மா இருபது வருஷம் சித்தாளாக இருந்தார். ஒரு நாளைக்கு எத்தனை கலவை போட்டிருப்பார், எத்தனை சட்டி தூக்கியிருப்பார், கணக்கே இல்லை. தூரத்தில் நின்று பார்த்தே கலவையில் தண்ணீர் கூடிவிட்டதா என்று சொல்வார். ஆனால் அவர் கையில் யாரும் கரண்டியைக் கொடுக்கவில்லை, அப்பா உள்பட. இன்றைக்கும் பெரும்பாலான இடங்களில் அதே கதைதான். நீங்களே கரண்டியோடு இறங்கியதைப் படித்ததும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

பூசுவதற்கு முன்னால், உதிர்கிற பழைய பூச்சை ஒட்டுமொத்தமாகக் கொத்தி எடுங்கள். தட்டினால் பொள்ளென்று கேட்கிற இடம் எதையும் விட்டுவைக்க வேண்டாம். செங்கல் இடுக்குகளை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, துடைப்பத்தால் தூசியைத் தள்ளுங்கள். முதல் நாள் மாலை சுவரை நன்றாக நனைத்து, மறுநாள் காலை மறுபடி தெளித்து, தண்ணீர் வழியாமல் ஈரம் மட்டும் இருக்கும்போது பூச ஆரம்பியுங்கள். காய்ந்த செங்கல்லில் பூசினால், நீங்கள் லிட்டர் கணக்கில் அளந்து ஊற்றிய தண்ணீரை அது ஒரு நிமிஷத்தில் குடித்துவிடும். சுவரில் வெயில் விழாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாளில் இருந்து 7 நாள், கோணிச் சாக்கைத் தொங்கவிட்டுக் காயாமல் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்ன எதற்கும் பலனில்லை.

ஒவ்வொரு கலவை தீர்ந்ததும் தகட்டையும் மண்வெட்டியையும் கழுவிவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். ஓரத்தில் இறுகிய பொருக்கு அடுத்த கலவையில் உடைந்து விழுந்தால், மட்டப்பலகை இழுக்கும்போது அது கூடவே வந்து நீளக் கோடு போடும். ஒட்டிப் பிடித்ததைச் செங்கல் துண்டால் தேய்த்தால் போகும். வேலை முடிந்த அன்று மண்வெட்டி, கரண்டி இரண்டையும் துடைத்து, லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். வண்டியில் வடித்த கழிவு ஆயிலைத் தடவுகிறவர்கள் உண்டு. அது அடுத்த தடவை கலவையில் சேரும், வேண்டாம்.

துவைக்கிற கல்லைச் சுற்றிப் பூசுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எப்போதும் தண்ணீர் புழங்குவதால் ஒரு டப்பா சிமெண்டுக்கு மூன்று டப்பா மணல். கலவை மீந்துபோனால் மூடிவைத்து மறுநாள் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். கல்லடியில் எலி வளை இருக்கும், அதில் போட்டு அடைத்துவிடுங்கள்.